பெரிய மாஸ்டரின் தூக்கம்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் கூடத்துக்கு இரண்டு மாஸ்டர்கள். மூத்தவரைப் பெரிய மாஸ்டர் என்றும், அவருக்கு அடுத்து இருந்தவனைச் சின்ன மாஸ்டர் என்றும் கூப்பிட்டார்கள். சின்ன மாஸ்டருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. சட்டையில் சின்ன அளவுக்கும் பெரிய அளவுக்கும் விரற்கடைதான் வித்தியாசம், மனுஷனுக்கு மட்டும் அது ஆயுசு முழுக்க நீளும் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பது அவன் வேலை. சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளில் முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று ஒவ்வோர் அளவுக்கும் அட்டைகள் தொங்கும். பெரிய மாஸ்டர் அட்டையை எடுத்து மேல் துணியில் வைத்துக் கோடு போடுவார். பிறகு கோட்டின்மேல் மெஷின் கத்தியை ஓட்டுவார். அடுக்கு மொத்தமும் ஒரே வெட்டில் வந்துவிடும். கோடு சரியாக இருந்தால் எல்லாச் சட்டையும் சரி. பிசகினால் எல்லாம் பாழ். அதனால்தான் கோடு போடுகிற கைக்கு அங்கே அத்தனை மரியாதை.

பெரிய மாஸ்டர் கெட்டவராக இருந்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவரோ அவனைத் தம்பி என்பார். முதலாளி வந்து வேலையைப் பாராட்டினால், தம்பி இல்லாவிட்டால் எனக்கு ஏது கை என்று அவனையும் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவார். அந்த இழுப்புதான் அவனுக்குத் தாங்காது. தன் தட்டில் மிஞ்சியதை அடுத்தவன் தட்டில் தள்ளுகிற மாதிரி இருக்கும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பெரிதாகக் கவலையில்லாத முதுகு அது. மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண்ணயர்வார். கூடத்தில் மெஷின் ஓடினாலும் எழுந்திருக்க மாட்டார். குழந்தை மாதிரித் தூங்குவார்.

ஒருநாள் முதலாளி அவன் தோளில் கை வைத்து, "பெரியவருக்கு அப்புறம் இந்த ரூம் உன்னோடதுதான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் சொன்ன வார்த்தை. அவன் அதை மடியில் நெருப்பைக் கட்டியதுபோல வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அவன் மனைவி அதே தொழிற்சாலையில் தையல் கூடத்தில் ஒரு வரிசைக்குத் தலைவியாக இருந்தாள். அவளுக்கும் ஒரு புண் உண்டு. ஆண்டு விழா ஒன்றில் முதலாளியின் மனைவி எழுந்து தன் பக்கத்து நாற்காலியைப் பெரிய மாஸ்டரின் மனைவிக்குக் கொடுத்தாள். இவள் பெஞ்சின் நுனியில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலி அவள் மனத்தை விட்டுப் போகவேயில்லை.

முதலாளி சொன்னதைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்புறம்னா எப்பங்க?"

"அவர் வேலையை விட்டதுக்கு அப்புறம்."

"அவர் கல்லு மாதிரி இருக்கார். அவர் விடறதுக்குள்ள உங்களுக்குப் பல்லு கொட்டிடும். அப்புறம் அந்த ரூமை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க, காத்து வாங்கவா?"

அடுத்த வாரமே தையல் கூடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. பெரியவருக்குக் கண் மங்குகிறதாம், பாவம், வெளியே சொல்லிக்கொள்ளாமல் சமாளிக்கிறாராம். கிளப்பியது அவள்தான். ஆனால் இவள் சொன்னாள் என்று யாராலும் சொல்ல முடியாதபடி, நூல் மாற்றுகிற இடத்தில் ஒரு வார்த்தை, குழாயடியில் ஒரு பெருமூச்சு என்று விட்டிருந்தாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அது போதும். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு அவளிடமே திரும்பி வந்தது. அவள் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "எந்த அட்டை எந்த ஆணியில இருக்கும்னு அவர் பாக்கறதே இல்ல, கை தானா போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பருவத்தின் மிகப் பெரிய ஆர்டர் மேசைக்கு வந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவன் இரண்டு ஆணிகளில் இருந்த கை அட்டைகளை மாற்றி மாட்டினான். ஒன்று பெரிய அளவு, இன்னொன்று நடு அளவு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பெரிய மாஸ்டர் வந்தார், வழக்கம்போலக் கை நீட்டி எடுத்தார், கோடு போட்டார், வெட்டினார். அவன் பக்கத்தில் நின்று துணி நழுவாமல் பிடித்துக்கொண்டான். அட்டைகள் சுவருக்குத் திரும்பியபின் மறுபடி இடம் மாற்றிச் சரியாக மாட்டினான்.

அட்டைகளை மாற்றிய இரண்டு தடவையில் ஒரு தடவை அவனைப் பார்த்தவன் ஒருவன் இருந்தான். தைத்து வரும் சட்டைகளைச் சோதிக்கிற நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் என்பதால் அந்தப் பெயர். சின்ன மாஸ்டரும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

"சாப்பிட வராம சுவத்துக்கிட்ட என்னடா பண்ற?" என்று கேட்டான்.

"தூசி தட்டினேன்."

"நீயா? தூசியா?" நெட்டை வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனான்.

துண்டுகள் தையலுக்குப் போன பிறகுதான் விஷயம் வெடித்தது. பெரிய சட்டைகளின் தோள் வளைவில் கைகள் பொருந்தவில்லை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருங்கியது. நடு அளவுச் சட்டைகளில் கை தொளதொளத்தது. அதே சாயத்தில் வேறு துணி கிடையாது. முதலாளி வந்து சுவரைப் பார்த்தார். அட்டைகள் எல்லாம் அதனதன் ஆணியில் ஒழுங்காகத் தொங்கின. கூடம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கண், கண் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பெரிய மாஸ்டர் வாதாடவில்லை. ஒரு துண்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு, தன் கை எடுத்த அட்டைதான், தன் கண்தான் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றார். முதலாளி திட்டக்கூட இல்லை. வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். பெரிய மாஸ்டர் போகும்போது சின்ன மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ பாத்துக்க தம்பி. ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துக்க" என்றார். அவன் தலையாட்டினான். அவன் முகத்தைப் பார்த்தவர்கள், பெரியவர் போவதில் இவனுக்குத்தான் எத்தனை துக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

நெட்டை சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், போய்விட்டான்.

இப்படி ஜன்னலோர நாற்காலி அவனுக்கு வந்தது. டீ முதலில் அவனுக்கு வந்தது. கோடு போடும் கை அவனுடையதானது. ஆனால் கூடத்தில் எல்லோரும் அவனைச் சின்ன மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பெரிய மாஸ்டர் போன பிறகு சின்ன மாஸ்டர் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த வேலையிலும், பெரியவர் இருந்தால் இப்படிச் செய்வார் என்றார்கள். இருக்கும்போது அவர் நாற்காலியில்தான் இருந்தார். போன பிறகு மேசையிலும் கத்தியிலும் டீ கிளாஸிலும் இருந்தார்.

அதைவிட மோசம், அவனால் எதையும் நம்ப முடியவில்லை. தான் செய்ததைத் தனக்கும் ஒருவன் செய்யலாமே. ஒவ்வோர் அட்டையையும் வைக்குமுன் நாடா பிடித்து அளந்தான், கோடு போட்டபின் அளந்தான், வெட்டுமுன் மறுபடி அளந்தான். பெரியவர் மூச்சு விடுகிற மாதிரிச் செய்த வேலை இவனுக்கு மலையேறுகிற மாதிரி ஆனது. சாப்பிடப் போகாமல் அட்டைகளுக்குக் காவல் இருந்தான். கடைசியில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அலமாரி வைத்துப் பூட்டினான். சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, தூங்காமல் கிடந்தான்.

அவன் மனைவிக்கு வேறு விதமாக வந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணில் ஏதோ படலம் தெரிகிறது என்றாள். குழாயடிக்குப் போய்க் கண்ணைக் கழுவினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்க் கழுவினாள். கண்கள் சிவந்து வீங்கின. வரிசையில் இருந்த பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். வேறு எதையாவது பேசியிருப்பார்கள். ஆனால் பேச்சு எப்படிப் பரவும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

இந்த நேரத்தில் நெட்டையின் மகள் வந்தாள். கம்ப்யூட்டரில் சட்டை அளவுகளை வரைகிற படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்காகச் சில வாரம் வெட்டும் கூடத்தில் உட்கார்ந்தாள். அப்பனைப் போலவே உயரம். அப்பனைப் போலவே எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சின்ன மாஸ்டர் அரை நாள் உட்கார்ந்து செய்கிற கணக்கை அவள் ஒரு டீ ஆறுவதற்குள் செய்தாள். முதலாளி அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு நெட்டையைக் கூப்பிட்டு அனுப்பினார். "இது படிப்பை முடிக்கட்டும்யா. அப்புறம் இந்த ரூம் முழுக்க உன் பொண்ணு கையிலதான்" என்றார்.

சின்ன மாஸ்டர் கையில் நாடாவோடு நின்று கேட்டான். அப்புறம். அவனுக்குச் சொன்ன அதே வார்த்தை. அவனுக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. அதுவரை அது ஒரு குறையாக இருந்தது. அன்றைக்கு அது ஒரு கேலியாக மாறியது. தான் பெரியவரைத் தள்ளியது யாருக்காக? நெட்டையின் மகள் கால் மேல் கால் போட்டு உட்காரவா? நெட்டை ஒன்றுமே செய்யவில்லை. ஒரு பெண்ணைப் பெற்றான், படிக்க வைத்தான், சிரித்தான். அவ்வளவுதான். எல்லாம் தானாக அவன் வீட்டு வாசலுக்கு நடந்துபோகிறது. போதாததற்கு அந்தச் சுவரோரம் பார்த்ததையும் வயிற்றுக்குள் வைத்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை? எதற்காக வைத்திருக்கிறான்?

வயிறு எரிந்தது என்றால் சும்மா சொல்லுக்கு இல்லை. அவனால் சாப்பிட முடியவில்லை.

இந்தத் தடவை மனைவியிடம் சொல்லவில்லை. விலை உயர்ந்த துணியில் சில துண்டுகளை மடித்து, நெட்டை சாப்பாடு கொண்டுவரும் பைக்குள் அடியில் வைத்தான். வாசல் காவலரிடம், துணி கொஞ்சம் குறைகிறது, பைகளைப் பார்த்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லி வைத்தான். மாலையில் எல்லோர் கண்ணெதிரிலும் நெட்டையின் டிபன் பாத்திரங்களுக்குக் கீழிருந்து அந்தத் துண்டுகள் வெளியே வந்தன. மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். இது தன்னுடையது இல்லை என்று நெட்டை ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு கூட்டத்துக்குள் அவன் கண் தேடியது. சின்ன மாஸ்டரைக் கண்டதும் அருகில் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"இன்னிக்கும் தூசி தட்டினியாடா?"

அவ்வளவுதான் கேட்டான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் இன்னும் பெரிய இடத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அதைக் கேட்டபோதும் சின்ன மாஸ்டருக்கு எரிந்தது. தள்ளிவிட்டாலும் மேலே போய் விழுகிறார்களே.

மனைவி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நெட்டை அண்ணன் பையில அதை வச்சது யாரு?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீதானே முதல்ல ஆரம்பிச்சு வச்ச."

"ஆமா, நான்தான். ஒரு தடவை போதும், அப்புறம் நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன்." அவள் தன் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "ஆசைப்பட்டது கையில இருக்கு. எடுத்து வாயில வச்சா மண்ணா இருக்குங்க. உங்களுக்கு எப்படி இருக்கு?"

அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள்.

கண் எரிச்சல் தாங்காமல் அவள் ஒருநாள் பெரிய மாஸ்டரின் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணைக் காட்டிய டாக்டர் யார் என்று கேட்டு வர வேண்டும் என்பது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். அவர் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, பட்டன் வைப்பது என்று சில்லறை வேலை செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி எதிரில் உட்கார்ந்து பழைய துணியில் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவைக் கூட்டுவதா குறைப்பதா என்று இருவருக்கும் சண்டை. சண்டைக்கு நடுவிலேயே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வாசலில் நின்றவளுக்கு, விழாவில் அந்த நாற்காலியைப் பார்த்தபோது குத்தியதைவிட ஆழமாகக் குத்தியது. நாற்காலியை எடுத்தாகிவிட்டது. இதை எப்படி எடுப்பது?

வாம்மா என்று உள்ளே கூப்பிட்டார்கள். டீ கொடுத்தார்கள். டாக்டரைப் பற்றிக் கேட்டாள்.

பெரிய மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். "டாக்டர் நல்ல டாக்டர்தாம்மா. எனக்குக் கண்ணு பழுதே இல்லேன்னு சொன்னார். படிக்கறதுக்கு மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா அன்னிக்கு எப்படி ஆச்சுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். பாதி தூரம் யோசிச்சேன். மீதியையும் யோசிச்சா யாராவது ஒரு ஆளு முகம் வந்து நிக்கும். அப்புறம் எனக்குத் தூக்கம் போயிடும். வேண்டாம்னு அங்கயே விட்டுட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இப்ப நல்லா தூங்கறேன்மா."

அவள் வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை. சின்ன மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தான். பயப்பட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தான். பயம் வரவில்லை. வந்தது வேறு.

"தூங்கறாராமா?" என்று கேட்டான்.

"நல்லா தூங்கறாராம்."

அவனிடம் கூடம் இருந்தது, நாற்காலி இருந்தது, அலமாரிச் சாவி இருந்தது. எல்லாம் போன மனுஷன், பாதி தெரிந்தும் தூங்குகிறான். தூங்குவேன் என்று தீர்மானம் செய்து தூங்குகிறான். அந்தத் தூக்கத்தை நினைத்து நினைத்து அவனுக்கு வேலை ஓடவில்லை. கோடு போடும்போது நினைத்தான், டீ குடிக்கும்போது நினைத்தான். ஒருநாள் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். மனம் திருந்திவிட்டது, பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். நம்பவும் செய்தான்.

மதிய வெயிலில் போனான். பெரிய மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு மெஷின்மேல் கை வைத்துக் கண்ணயர்ந்திருந்தார். அவன் எழுப்பினான். அவர் முகம் மலர்ந்தது. தம்பி என்றார்.

அவன் நின்றபடியே சொன்னான். அட்டைகளை மாற்றியதை, கண் பற்றிய பேச்சை, அவர் வெட்டும்போது துணியைப் பிடித்துக்கொண்டதை, நெட்டையின் பையை. ஒன்றையும் விடவில்லை. அவர் காதுகளை மூடிக்கொள்கிற மாதிரி ஒரு தடவை கையைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார். அவன் நிறுத்தவில்லை.

சொல்லி முடித்தான். மன்னிப்போ அறையோ, ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று அவன் காத்திருந்தான். பெரிய மாஸ்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான்னு எனக்குத் தெரியும்டா" என்றார் கடைசியில். அதுவரை அவர் அவனை டா போட்டதில்லை. "தெரியும்னு எனக்கே தெரியாம வச்சிருந்தேன்."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனைவி வாசல்வரை வந்தாள்.

"அவர் உன்னைக் கேட்டாரா?"

"இல்ல அண்ணி."

"கேக்காதவர்கிட்ட எதுக்குச் சொன்ன?"

அவனிடம் பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதிலாக இல்லை. தெருவில் நடக்கும்போது மார்பு லேசாக இருந்தது. குற்றம் இறங்கிய லேசு என்று நினைத்துக்கொண்டு தெருமுனை வரை போனான். முனையில் அது என்னவென்று புரிந்தது. இனி அவரும் தூங்கமாட்டார் என்பதால் வந்த லேசு. தெரிந்த பிறகும் அது போகவில்லை, கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதுதான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. வீடு போய்ச் சேருமுன் அந்த லேசும் தீர்ந்துவிட்டது.

மனைவி அவன் முகத்தைப் பார்த்ததுமே எங்கே போய் வந்தான் என்று புரிந்துகொண்டாள். அன்றே தன் பொருள்களை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். வரிசைத் தலைமையை விட்டுவிட்டு, வேறொரு தொழிற்சாலையில் சாதாரணத் தையல்காரியாகச் சேர்ந்தாள். பெரிய மாஸ்டரின் மெஷின் பல நாள் ஓடவில்லை என்றும், பிறகு ஓடத் தொடங்கியது என்றும், ஆனால் ரேடியோ சத்தம் கேட்பதில்லை என்றும் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

சின்ன மாஸ்டர் வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றான். நடந்ததையும் சொன்னான். முதலாளி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். சரி, பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது, அடுத்த ஆர்டர் மேசைக்கு வந்துவிட்டது, போய்க் கோட்டைப் போடு என்றார். அவன் கூடத்துக்குத் திரும்பினான். துணி விரித்திருந்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.